டேக் எந்தத் துண்டோடு போகும்? மனித ஈஜிஎஃப் லென்டிவைரஸ் வாங்குவதற்கு முன்

கேள்வி கேட்டவர் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்டி செய்யும் சகோதரி. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்தான் அவருடைய ஆய்வு. எபிடெர்மல் குரோத் ஃபேக்டர், சுருக்கமாக ஈஜிஎஃப் என்ற மனித வளர்ச்சிக் காரணியின் ஜீனை மிக்-டிடிகே டேக் (புரதத்தைப் பிறகு கண்டுபிடிக்க உதவும் சின்ன அடையாளத் துண்டு) ஒட்டி, லென்டிவைரஸ் துகளாகவே, அதாவது ஜீனைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் வைரஸ் வண்டியாகவே தயாரித்து விற்கிறார்கள். 200 மைக்ரோலிட்டர் குப்பி, மில்லிலிட்டருக்கு ஒரு கோடி டியூ, அதாவது செல்லுக்குள் ஏறக்கூடிய துகள். அதை வாங்கி ஹாகேட் என்ற தோல் செல்லில் ஏற்றி, அந்தச் செல் வளர்ந்த மீடியத்தை (வளர்ப்புத் திரவத்தை) எடுத்து, ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்களில் கீறல் சோதனை (செல் படலத்தைக் கீறிவிட்டு, அது மூடும் வேகத்தைப் பார்ப்பது) செய்யப் போகிறார். எம்ஓஐ (ஒரு செல்லுக்கு எத்தனை துகள் என்ற கணக்கு) எவ்வளவு வைப்பது, கல்லூரி லேபில் இதைச் செய்யலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் "இது ஹெச்ஐவி-தானே, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

இந்த மூன்றுக்கும் அடியில் அவர் கேட்காத ஒன்று இருக்கிறது. குப்பியில் வருவது, அவர் நினைத்துக்கொண்டிருக்கும் புரதத்தை, அவர் நினைக்கும் இடத்தில் டேக்கோடு கொடுக்குமா? எம்ஓஐ கணக்கை யாரும் சொல்லிவிடுவார்கள். இதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன். கோயம்புத்தூரில் செல் கல்ச்சர் லேபில் பல வருடங்களாக இந்த வைரஸ்களைத் தயாரித்தும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். நோயாளிகளைப் பார்ப்பது என் வேலை இல்லை. புண் வைத்தியம் பற்றி இதில் வரும் ஒன்றிரண்டு வரியை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈஜிஎஃப் என்றதும் நம் எல்லோர் மனதிலும் வருவது 53 அமினோ அமிலம் கொண்ட, 6 கிலோடால்டனுக்குச் சற்று மேற்பட்ட சின்னப் புரதம். ஸ்டான்லி கோஹன் 1962-ல் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தது அதைத்தான். 1986-ல் ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு அவர் நோபல் பரிசு பெற்றதற்கு அடிப்படையும் அதுதான். ஆனால் 1983-ல் எலியின் ஈஜிஎஃப் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து நகலெடுத்த டிஎன்ஏ) வரிசையைப் படித்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. செல் இந்தச் சின்னப் புரதத்தை நேரடியாகச் செய்வதில்லை. முதலில் ஒரு நீளமான முன்வடிவத்தைச் செய்து செல் சவ்வில் குத்தி நிறுத்துகிறது. மனிதனில் அதற்கு 1207 அமினோ அமிலம். நமக்கு வேண்டிய 53 அதில் 971 முதல் 1023 வரை உள்ள துண்டு. அதைத் தாண்டிச் சவ்வுக்குள் புதையும் பகுதி, அதையும் தாண்டி செல்லின் உட்பக்கம் தொங்கும் சுமார் 150 அமினோ அமிலம் கொண்ட வால்.

இப்போது கேட்டலாகைத் திரும்பப் பாருங்கள். முழு ஓஆர்எஃப் (புரதத்துக்கான முழுக் குறியீடு) என்று போட்டிருந்தால் அது 1207-ம் சேர்ந்தது. மிக்-டிடிகே டேக் சி-முனையில் (புரதச் சங்கிலியின் கடைசி முனையில்) என்று போட்டிருந்தால், டேக் ஒட்டியிருப்பது அந்த வாலின் கடைசியில், செல்லுக்கு உள்ளே. வெளியே வெட்டி விடப்படும் ஈஜிஎஃப்பில் டேக்கின் ஓர் எழுத்துகூட இருக்காது. கரும்பின் நடுவிலிருந்து ஒரு கணுவை வெட்டி எடுத்துக்கொள்ளப் போகிறோம். விலைச்சீட்டை அடிக்கட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதன் விளைவு வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனையில்) தெரியும். டிடிகே ஆன்டிபாடி வைத்து மீடியத்தில் தேடுவீர்கள், ஒன்றும் வராது. செல் லைசேட்டில் (செல்லை உடைத்து எடுத்த சாற்றில்) தேடினால் 130 கிலோடால்டனுக்கு மேலே ஒரு பட்டை வரும். எதிர்பார்த்த 6, 8 இடத்தில் வெறுமை. வைரஸ் வேலை செய்யவில்லை என்று அடுத்த குப்பி ஆர்டர் போடுவார்கள். வைரஸ் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். இன்னொன்று, 6 கிலோடால்டன் புரதம் சாதாரண 10 சதவீத ஜெல்லில் சாயத்தோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். அதற்கு டிரைசின் ஜெல் வேண்டும். உங்கள் அமைப்பில் மீடியத்தை அளக்க ஒரே நம்பகமான வழி மனித ஈஜிஎஃப் எலைசா, அதாவது ஆன்டிபாடியால் புரதத்தின் அளவைக் காணும் சோதனை. அதிலும் கிட் வாங்கும்போது அதன் ஆன்டிபாடி முதிர்ந்த 53-ஐப் பிடிப்பதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. வரிசையைப் பார்த்தாலே தெரியும். சந்தேகம் அடுத்த படியில் இருக்கிறது. ஹாகேட் செல் அந்த முன்வடிவத்தை எவ்வளவு வெட்டி வெளியே விடும்? சவ்விலிருந்து ஈஜிஎஃப்பை வெட்டிவிடும் முக்கியமான நொதி ஏடிஏஎம்10. அது தோல் செல்லில் இருக்கிறது. ஆனால் முழு முன்வடிவத்தையும் திணித்த செல்கள் 53 அமினோ அமிலத் துண்டை அழகாக நறுக்கித் தரும் என்று நம்பிவிட முடியாது. பெரிய அளவு வடிவங்களாகவே வெளியே வருவதும் உண்டு. மனிதச் சிறுநீரிலேயே சின்ன ஈஜிஎஃப்பும் இருக்கிறது, 160 கிலோடால்டன் அளவிலான பெரிய வடிவமும் இருக்கிறது. உங்கள் செல்லில் எது எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இது ஈஜிஎஃப்புக்கு மட்டும் உள்ள வினை இல்லை. வளர்ச்சிக் காரணிகள் பெரும்பாலும் வெட்டுப்பட்டு, மடிந்து, ஜோடி சேர்ந்து வெளியே வருபவை. டேக்கை எங்கே ஒட்டினாலும் ஏதாவது ஒரு கதவில் இடிக்கும். ஐஜிஎஃப்-1 எடுத்துக்கொள்ளுங்கள்: முதிர்ந்த புரதம் 70 அமினோ அமிலம், அதன் சி-முனையில் ஈ-பெப்டைடு என்ற வால் ஒட்டியிருந்து வெட்டுப்படும். சி-முனை டேக் அந்த வாலோடு போய்விடும். டிஜிஎஃப் பீட்டா-1-ல் சிக்கல் வேறு மாதிரி. முதிர்ந்த 112 அமினோ அமிலம் சி-முனையில்தான் இருக்கிறது, ஆகவே டேக் கூடவே வரும். ஆனால் கடைசி நான்கு எழுத்துக்களிலேயே இரண்டு சிஸ்டீன் இருக்கின்றன, அவை புரதத்தின் உள்முடிச்சில் சேர்பவை. அங்கே டேக்கைத் தொங்கவிட்டால் மடிப்பு கெடும். விஇஜிஎஃப்-165 பரவாயில்லை, டேக்கோடு வெளியே வரும், இரத்தக்குழாய் செல்லின் முக்கிய ரிசப்டரையும் தூண்டும். ஆனால் நியூரோபிலின்-1 என்ற துணை ரிசப்டர் அதன் கடைசி ஆர்ஜினைனைத் திறந்த முனையாகப் பிடிக்கிறது. டேக் அதை மூடிவிடும். எஃப்ஜிஎஃப்-2-க்கு சிக்னல் பெப்டைடே (செல்லுக்கு வெளியே அனுப்பச் சொல்லும் முகவரித் துண்டு) கிடையாது, வழக்கமான சுரப்புப் பாதையில் போகாது; மீடியத்தில் தேடி ஏமாறுபவர்கள் உண்டு. ஆகவே எந்த ஜீன் வாங்கினாலும் முதலில் யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து, சிக்னல் பெப்டைடு எது, புரோபெப்டைடு (வெட்டி நீக்கப்படும் துண்டு) எது, முதிர்ந்த சங்கிலி எங்கிருந்து எங்கே என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கம்பெனிக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவர் ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரே அச்சில் வார்த்து விற்கிறார், ஒவ்வொன்றையும் யோசித்து அல்ல.

உங்களுக்கு நான் சொல்வது: ரெடிமேட் முழு ஓஆர்எஃப்பை விட்டுவிடுங்கள். ஒரு சுரப்பு சிக்னல் பெப்டைடு, அதைத் தொடர்ந்து டேக், ஒரு சின்ன இணைப்பு, பிறகு 53 அமினோ அமிலம் என்று ஜீனை வடிவமைத்து எழுதி வாங்கலாம். 3.6 கிலோபேஸ் இருந்த ஜீன் 300 பேஸுக்குப் பக்கமாகச் சுருங்கிவிடும். ஜீன் சின்னதாக இருந்தால் வைரஸ் டைட்டரும் (மில்லிலிட்டருக்கு எத்தனை துகள் என்ற அளவும்) நன்றாக வரும். டேக்கை என்-முனையில் (சங்கிலியின் தொடக்க முனையில்) வைக்கச் சொல்வதற்குக் காரணம், ரிசப்டரைப் பிடிப்பதில் ஆர்ஜினைன் 41-ம் லூசின் 47-ம் முக்கியமானவை, இரண்டும் சி-முனைப் பக்கம். டிடிகே என்பது எட்டே அமினோ அமிலம், ஃபிளாக் என்ற வணிகப் பெயரில் தெரிந்த அதே வரிசைதான், மிக் பத்து. 53 கொண்ட புரதத்துக்கு 18 அமினோ அமிலம் என்பது சின்னச் சுமை இல்லை, அதனால் இரண்டில் ஒன்று போதும். ஜிஎஃப்பி டேக் வேண்டவே வேண்டாம். அது மட்டும் 27 கிலோடால்டன், சுமப்பதைவிடச் சுமை நாலு மடங்கு. செய்த பிறகு டேக் ஒட்டிய ஈஜிஎஃப் வேலை செய்கிறதா என்பதற்கு ஈஜிஎஃப்ஆரின் (ஈஜிஎஃப் போய்ப் பிடிக்கும் ரிசப்டரின்) பாஸ்பரேற்றத்தைப் பாருங்கள். அந்த ரிசப்டரைத் தடுக்கும் ஜெஃபிடினிப் போட்டால் அது மறைய வேண்டும். மறையவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது ஈஜிஎஃப்பின் வேலை இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு லென்டிவைரஸ் வேண்டுமா? கீறல் மூடும் வேகம் ஈஜிஎஃப்பால் கூடுகிறதா என்பதுதான் கேள்வி என்றால், ரீகாம்பினன்ட் ஈஜிஎஃப்பை (தயாராகவே விற்கும் புரதத்தை) மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் அளவில் மீடியத்தில் விட்டால் ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும். அதற்கு வைரஸ் தேவையில்லை. அந்தப் பதில் புதிதும் இல்லை. ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் ஈஜிஎஃப் ஜெல் சர்க்கரைப் புண்ணுக்கென்று நம் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. லென்டிவைரஸ் தன் விலைக்குத் தகுதியாவது, செல்லே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈஜிஎஃப்பைச் சுரந்துகொண்டிருக்க வேண்டும் என்னும்போதுதான். செல் படலம் செய்து புண்ணில் ஒட்டுவது, ஸ்டெம் செல்லில் ஏற்றுவது போன்றவை. உங்கள் ஆய்வு அந்தத் திசையில் போவதாக இருந்தால் செய்யுங்கள். "வைரஸ் வெக்டர் இருந்தால் பேப்பர் கனமாகத் தெரியும்" என்று கைடு சொல்லியிருந்தால், அதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

சரி, வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். "இது ஹெச்ஐவி-தானே" என்ற பயத்துக்கு வருகிறேன். ஹெச்ஐவி-1-ன் உடம்பிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் அதை வைரஸாக்கும் ஜீன்கள் துகளுக்குள் போவதில்லை. மூன்றாம் தலைமுறை முறையில் காக்-போல் (துகளின் உடலையும் நொதிகளையும் செய்யும் ஜீன்கள்) ஒரு பிளாஸ்மிட்டில், அதாவது வட்ட டிஎன்ஏ துண்டில், ரெவ் இன்னொன்றில், உறைப் புரதம் மூன்றாவதில், உங்கள் ஜீன் நான்காவதில். நான்கையும் ஹெச்ஈகே 293டி என்ற மனிதச் செல்லில் சேர்த்து ஏற்றி, வெளியே வரும் துகளை எடுக்கிறோம். பொட்டலத்துக்குள் கட்டப்படுவது நான்காவது மட்டும். விஃப், விபிஆர், விபியூ, நெஃப் என்ற துணை ஜீன்கள் முழுக்கவே நீக்கப்பட்டவை. டாட் என்ற ஹெச்ஐவி ஜீன் கூடத் தேவையில்லாதபடி மாற்றியிருக்கிறார்கள். ஹெச்ஐவி-யின் சொந்த உறையும் கிடையாது. அதற்குப் பதில் மாட்டுக்கும் குதிரைக்கும் வாய்ப்புண் உண்டாக்கும் வெசிகுலர் ஸ்டோமடைட்டிஸ் வைரஸின் ஜி புரதம் (விஎஸ்வி-ஜி). செல்லுக்குள் ஒருமுறை நுழைந்து ஜீனைக் குரோமோசோமில் சேர்த்துவிட்டால் அதன் ஆட்டம் முடிந்தது. அந்தச் செல்லிலிருந்து புதுத் துகள் வராது, எய்ட்ஸ் வராது. சில கம்பெனிகள் இரண்டாம் தலைமுறை முறையில் தயாரிக்கின்றன. அதில் டாட் தயாரிப்பில் உண்டு, துகளின் ஜீனோமில் இல்லை. எந்தத் தலைமுறை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கமிட்டி கேட்கும்.

உறையை மாற்றியதில் ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஹெச்ஐவி குறிப்பிட்ட வெள்ளணுக்களை மட்டும் தேடிப் போகும். விஎஸ்வி-ஜி உறை போட்ட துகள் எல்டிஎல் ரிசப்டரைப் பிடித்து ஏறுகிறது. அது நம் உடம்பில் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் இருக்கிறது. துகள் பெருகாது, ஆனால் கையில் குத்திக்கொண்டால் குத்திய இடத்துச் செல்லில் ஜீனைச் செருகும். அந்த ஜீன் உங்கள் விஷயத்தில் செல்லைப் பெருகச் சொல்லும் ஜீன். ஆகவே ஜிஎஃப்பி மட்டும் போட்ட வைரஸைவிட இதை ஒரு படி கூடுதல் மரியாதையோடு கையாள வேண்டும்.

செருகும் இடம் நம் கையில் இல்லை என்பதுதான் இந்தத் துறையில் இன்னும் முழுதாக அடங்காத சந்தேகம். பாரிஸில் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக் குழந்தைகளுக்குக் காமாரெட்ரோவைரஸ் என்ற வேறு வகை வைரஸ் வைத்துச் செய்த சிகிச்சையில், வைரஸ் எல்எம்ஓ2 என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஜீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சில குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அதற்குப் பிறகே தன் எல்டிஆரை (பக்கத்து ஜீனையும் இயக்கக்கூடிய வைரஸ் முனைப் பகுதியை) தானே ஊமையாக்கிக்கொள்ளும் லென்டிவைரஸ் பக்கம் எல்லோரும் சாய்ந்தார்கள். அது பெரிய முன்னேற்றம்: 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி சிகிச்சை (நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்லில் ஜீனை ஏற்றிப் புற்றுநோயைத் தாக்கவிடுவது) லென்டிவைரஸில் செய்தது, 2023-ல் நம் நாட்டில் அனுமதி பெற்ற, ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் உருவாக்கிய கார்-டியும் அப்படியே. வேலூர் சிஎம்சி-யில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு லென்டிவைரஸ் வழியாக, இரத்தம் உறைய வேண்டிய ஃபேக்டர் 8 ஜீனைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. ஆனால் அதே 2024-ல், மூளை நோய் ஒன்றுக்கு லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 குழந்தைகளில் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வகைகள் வந்ததும் பதிவாகியிருக்கிறது. அங்கே வெக்டரில் (ஜீனைக் கொண்டுபோகும் வைரஸில்) வைத்த புரோமோட்டர், அதாவது ஜீனை இயக்கும் சுவிட்ச், மிக வலுவானது என்பது ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. தட்டில் வளரும் ஹாகேட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த ஒரே குளோனை வைத்து முடிவு எழுதாதீர்கள். வைரஸ் எங்கே செருகியதோ அதன் விளைவையும் ஈஜிஎஃப்பின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். கலப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மூன்று குளோனாவது எடுங்கள்.

எம்ஓஐ கணக்கு சுலபம். மில்லிலிட்டருக்கு ஒரு கோடி டியூ, 200 மைக்ரோலிட்டர் என்றால் குப்பியில் மொத்தம் 20 லட்சம். 24 குழித் தட்டில் ஒரு குழியில் 50,000 செல், எம்ஓஐ 5 என்றால் குழிக்கு இரண்டரை லட்சம், அதாவது 25 மைக்ரோலிட்டர். எட்டுக் குழியோடு குப்பி தீர்ந்தது. சராசரி ஒன்று என்று போட்டால் எல்லாச் செல்லுக்கும் ஒவ்வொன்று போய்ச்சேராது. 37 சதவீதம் செல்களுக்கு ஒன்றுமே போகாது, சிலதுக்கு இரண்டு மூன்று போகும். ஒரு செல்லுக்கு ஒரே நகல் வேண்டும் என்றால் 0.3 போட்டு, ஏறிய கால்பங்கை மட்டும் பியூரோமைசினில் (ஜீன் ஏறாத செல்லைக் கொல்லும் மருந்தில்) பிரித்தெடுப்பது வழக்கம். அந்தக் குப்பியிலிருக்கும் டைட்டர் 293டி போன்ற எளிதில் ஏறும் செல்லில் அளந்தது. ஹாகேட்டில் அதே எண்ணிக்கை வராது. உங்கள் ஃபிளாஸ்கில் உள்ள செல்லுக்கு எவ்வளவு என்பதை யாராலும் போனில் சொல்ல முடியாது: 1, 3, 10 என்று மூன்று அளவில் முதலில் ஜிஎஃப்பி வைரஸை ஏற்றிப் பாருங்கள். பி24 என்ற வைரஸ் புரதத்தை எலைசாவில் அளந்து எழுதிய டைட்டர் என்றால் இன்னும் கவனம். அது செத்த துகளையும் சேர்த்து எண்ணும், வேலை செய்யும் துகள் அதில் நூற்றில் ஒன்றோ ஆயிரத்தில் ஒன்றோ. துகள் செல்லில் ஏற உதவும் பாலிப்ரீனை மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் வரை ஹாகேட் தாங்கும். நோயாளியிடமிருந்து எடுத்த முதன்மைச் செல்களில் அது வளர்ச்சியைக் குறைக்கும், அங்கே புரோட்டமின் சல்பேட் நல்லது. பியூரோமைசின் அளவை வைரஸ் ஏற்றாத செல்லில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 5 மைக்ரோகிராம் வரை படிப்படியாகப் போட்டு முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யப்போகும் சோதனையில்தான் உண்மையான குழி இருக்கிறது. மீடியத்தை எடுத்து வேறு செல்லில் விடுகிறீர்கள். வைரஸ் ஏற்றிய இரண்டாம் மூன்றாம் நாளே எடுத்தால், மிச்சமிருக்கும் துகளும் அதோடு போய் ஃபைப்ரோபிளாஸ்டில் ஏறும். பிறகு அந்தச் செல்லே ஈஜிஎஃப் செய்யும், நீங்கள் சுரப்பின் விளைவு என்று எழுதுவீர்கள். பியூரோமைசின் மிச்சமிருந்தால் ஃபைப்ரோபிளாஸ்ட் சாகும், ஈஜிஎஃப் புண்ணாற்றவில்லை என்று எழுதுவீர்கள். வைரஸைத் தயாரித்த 293டி செல்லும் உங்கள் ஜீனை வைத்து ஈஜிஎஃப்பைச் சுரந்திருக்கும். சுத்திகரிக்காத தயாரிப்பு என்றால் குப்பிக்குள்ளேயே அந்தப் புரதம் இருக்கும். வைரஸ் விட்ட மறுநாளே செல் துள்ளினால் அது ஜீனின் வேலை இல்லை, கூட வந்த புரதத்தின் வேலை. ஆகவே ஏற்றி, தேர்வு செய்து, இரண்டு மூன்று பாசேஜ் (செல்லைப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) தாண்டி, மருந்தில்லாத, சீரம் குறைந்த மீடியத்தில் ஒருநாள் வைத்து, அதை எடுங்கள். சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. 10 சதவீதச் சீரத்தில் கீறல் எப்படியும் மூடும். ஒப்பீட்டுக்கு அதே டேக், அதே முதுகெலும்பு (வெக்டரின் அடிப்படை டிஎன்ஏ), ஜீன் இல்லாத காலி வைரஸ் ஏற்றிய செல் கட்டாயம்.

கல்லூரி லேப் போதுமா என்பதற்கு நேரடிப் பதில்: உங்களிடம் இருப்பது வாழை டிஷ்யூ கல்ச்சருக்கு வாங்கிய லேமினார் என்றால் போதாது. நம் பக்கம் பல கல்லூரிகளில் அதுதான் இருக்கிறது, அதையே செல் கல்ச்சருக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அது செடியைக் காப்பாற்றக் காற்றை உங்கள் முகத்தை நோக்கி ஊதும் சாதனம். இதற்கு வேண்டியது இரண்டாம் வகுப்பு உயிரிப் பாதுகாப்புக் கேபினட், சோதனை செய்து சான்றிதழ் வாங்கியது, அதுவும் பிஎஸ்எல்-2 (இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு) வசதியில். சட்டப்படி 1989-ம் வருட விதிகளும் பயோடெக்னாலஜி துறையின் 2017 வழிகாட்டுதலும் இதற்குப் பொருந்தும். உங்கள் கல்லூரியில் பதிவுபெற்ற ஐபிஎஸ்சி, அதாவது உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், ஆர்டர் போடுவதற்கு முன் அதன் அனுமதி வேண்டும். மேலே ஆர்சிஜிஎம் என்ற மத்திய அரசின் மரபணு ஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டுமா, வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதிக்கு என்ன தாள் என்பதை அந்தக் குழுவே சொல்லும். குழு இல்லாத கல்லூரி என்றால் கோவையிலோ சேலத்திலோ குழுவும் கேபினட்டும் உள்ள பல்கலைக்கழகம் அல்லது மருத்துவக் கல்லூரி லேபோடு சேர்ந்து அங்கேயே ஏற்றி, செல் நிலைபெற்ற பிறகு, இரு குழுவும் ஒப்புக்கொண்டால், உங்கள் லேபுக்குக் கொண்டுவருங்கள். செலவும் குறையும். திரவக் கழிவுக்குப் புதிதாகக் கலந்த ஹைப்போகுளோரைட்டில் அரைமணி நேரம், மற்றதற்கு ஆட்டோகிளேவ்; பிளீச் கலந்ததை ஆட்டோகிளேவில் வைக்கக்கூடாது. பிளீச் வெயிலில் வீரியம் இழக்கும் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசி, கண்ணாடிப் பிப்பெட் இரண்டும் மேசையிலேயே இருக்கக்கூடாது.

குப்பி டிரை ஐஸில் வரும். சித்திரை வைகாசியில் ஆர்டர் போடாதீர்கள், போட்டே ஆக வேண்டும் என்றால் வியாழன் வெள்ளியில் கிளம்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வந்து வாட்ச்மேன் அறையில் கிடந்தால் முடிந்தது. பெட்டியைத் திறக்கும்போது டிரை ஐஸ் மிச்சமிருக்கிறதா என்று போட்டோ எடுத்து வையுங்கள், இல்லையென்றால் கம்பெனியிடம் பேச வாயிருக்காது. மைனஸ் 80-ல் வைத்து, முதல் முறை உருக்கும்போதே சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு உறைதல்-உருகலிலும் டைட்டர் விழும். ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன் போயிருக்கிறதா என்பதையும் நீங்களே போய்ப் பாருங்கள்.

குழந்தையைப் பற்றி. இந்தத் துகளுக்குக் கொழுப்பு உறை. உலர்ந்தால் மெல்ல வீரியம் இழக்கும், ஆல்கஹாலில் சிதையும், சோப்பில் சிதையும். இருமல் தும்மலில் பரவும் வைரஸ் இல்லை. கோட்டையும் கையுறையையும் லேபிலேயே விட்டு, கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போனால் குழந்தைக்கு எதுவும் கொண்டுபோகமாட்டீர்கள். கோட்டை வீட்டில் துவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆபத்து என்றால் உங்களுக்குத்தான், அதுவும் முக்கியமாக ஊசி குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ. அப்படி நேர்ந்தால் குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில், கண் என்றால் வெறும் தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நேரே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏஆர்டி (ஹெச்ஐவி சிகிச்சை) மையத்துக்குப் போங்கள். பெருந்துறையிலும் கோவையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் சில மணி நேரத்திலேயே போவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அங்கே கொடுக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸையும் இன்டெக்ரேஸையும் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. துகள் ஜீனைச் செருகுவதற்கு இரண்டு நொதியும் வேண்டும். புரோட்டியேஸ் தடுப்பு மருந்து இதற்கு உதவாது, ஏனென்றால் அந்த வேலை துகள் தயாரானபோதே முடிந்துவிட்டது. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அங்குள்ள டாக்டர். அவருக்கு இந்த வெக்டர் பழக்கமில்லாமல் இருக்கலாம். எந்தத் தலைமுறை, என்ன உறை, என்ன ஜீன் என்று ஒரு தாளில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, வைரஸைத் திறக்கும் நாளுக்கு முன்பே லேப் கதவில் ஒட்டி வையுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்பதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்து எழுதும்போது அவர் கேட்பார்.